பக்கவாதம் வந்தவருக்கு எதற்கு ‘ஸ்கோர்’? ஸ்கேன் போதாதா?

“அப்பாவுக்கு ஸ்கேன் எடுத்தாகிவிட்டது. அப்புறமும் கையைத் தூக்கு, இது என்ன மாதம் என்று கேட்டு ‘ஸ்கோர் 6’ என்று எழுதுகிறார்கள். தூங்கவும் விடுவதில்லை” என்று கேட்டிருக்கிறீர்கள். அடைப்பைக் கரைக்கும் ஊசி போட்டிருப்பார்கள் என்று நினைக்கிறேன். அது போட்டால் முதல் 2 மணி நேரம் 15 நிமிடத்துக்கு ஒரு முறை, அடுத்த 6 மணி நேரம் அரை மணிக்கு ஒரு முறை, பிறகு 24 மணி நேரம் முடியும்வரை மணிக்கு ஒரு முறை நோயாளியைப் பார்த்தே தீர வேண்டும். அந்த ஊசியால் மூளையில் ரத்தம் கசிந்தால் முதலில் சொல்வது அவருடைய கையும் பேச்சும்தான்.

நான் பக்கவாதப் பிரிவில் செவிலியர். பக்கவாதப் பாதிப்பை அளக்க நாங்கள் போடும் என்.ஐ.எச்.எஸ்.எஸ். மதிப்பெண் 0 முதல் 42 வரை போகும். ஏற ஏறப் பாதிப்பு அதிகம். படுத்திருப்பவரின் கையை 45 டிகிரியில் தூக்கிவிட்டு 10 வரை வாய்விட்டு எண்ணுவோம். அப்படியே நின்றால் 0. கட்டிலைத் தொடாமல் சரிந்தால் 1. நிறுத்தப் பார்த்தும் கட்டிலில் விழுந்துவிட்டால் 2. நிறுத்தவே முடியாமல் தொப்பென்று விழுந்தால் 3. அசைவே இல்லாவிட்டால் 4.

ஒரு பெரியவருக்கு மாலைப் பணியில் இருந்தவர் மொத்தம் 5 போட்டிருந்தார். வலது கைக்கு 1. இரவில் நான் எழுப்பியபோது கை தொப்பென்று விழுந்தது, மாதம் கேட்டால் வெறுமனே பார்த்தார். மற்றவற்றையும் சேர்த்துக் கூட்டினால் 11. “அசதியில் இருக்கிறார், விடுங்கள் சிஸ்டர்” என்றார் மகன். நான் விடவில்லை, டியூட்டி டாக்டரை அழைத்தேன். சி.டி.யில் சிறு ரத்தக்கசிவு தெரிந்தது, அப்போதே சிகிச்சை தொடங்கியது. பின்னர் கைத்தடியோடு நடந்து வீட்டுக்குப் போனார். மாலையில் ‘கை கொஞ்சம் பலவீனம்’ என்று மட்டும் எழுதியிருந்தால், இரவில் பார்த்ததும் அதே ‘கொஞ்சம் பலவீனம்’ ஆகியிருக்கும்.

செவிலியர் போடும் எண்ணை நம்பலாமா என்று யாராவது கேட்பார்கள். இதற்கென்று பயிற்சி எடுத்து, தேர்வெழுதித்தான் போடுகிறோம். எண்ணே எல்லாம் என்றும் நான் சொல்லவில்லை. மூளையின் பின்பகுதியில் அடைப்பு என்றால், எழுந்து உட்காரவே முடியாமல் தலைசுற்றி வாந்தி எடுப்பவருக்கும் 0 வரலாம். மொழி சார்ந்தவற்றுக்கு 7 மதிப்பெண், ஒரு பக்கத்தையே கவனிக்காமல் போவதற்கு 2 மட்டும். மொழி பெரும்பாலும் இடது மூளையின் வேலை, அதனால் வலது மூளைப் பாதிப்பு குறைத்துக் காட்டப்படும். நம் ஊருக்கென்று சில சிக்கல்களும் உண்டு. ஒரு பாட்டி மாதம் ‘ஆடி’ என்றார். ஆடிதான், சரி என்றே போட்டேன். வயதும் கேட்போம். அது தெரியாத முதியவர்கள் எத்தனையோ பேர், அதற்கு மூளையைக் குறை சொல்ல முடியுமா?

இரவில் வார்டு முழுவதற்கும் ஓரிருவரைப் போட்டுவிட்டு, இத்தனையையும் பார்த்துக் கணினியில் ஏற்றவும் சொல்கிறார்கள். ஏற்ற உட்கார்ந்தால் ‘சிஸ்டர்கள் உட்கார்ந்தே இருக்கிறார்கள்’ என்று புகார் புத்தகத்தில் எழுதுகிறார்கள். சம்பளத்தைப் பற்றி இங்கே பேச வேண்டாம்.

அப்பாவின் 6 எதிலெதில் வந்தது என்று கேளுங்கள். கையிலும் காலிலும் வந்த 6 வேறு, பேச்சிலும் புரிதலிலும் வந்த 6 வேறு. அவரிடம் மாதம் கேட்கும்போது அம்மா பின்னாலிருந்து எடுத்துக் கொடுக்க வேண்டாம். அவராகச் சொல்லும் முதல் பதிலுக்குத்தான் மதிப்பெண்.