குப்பைக் கிடங்கு எந்த ஊருக்கு? சேலம், ஏற்காட்டிலிருந்து வந்த கேள்விகளும் என் பதில்களும்

குப்பை கையாளும் நிலையத்துக்கு உள்ளாட்சிகள் எப்படி இடம் பிடிக்கின்றன என்று சந்தேகம் இருந்தால் கேளுங்கள் என்று போன வாரம் சொல்லியிருந்தேன். ஓமலூர், அயோத்தியாப்பட்டணம், அஸ்தம்பட்டி, ஏற்காடு என்று நாலா பக்கமிருந்தும் கேள்விகள் வந்து குவிந்துவிட்டன. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். நான் உள்ளாட்சியில் துப்புரவு ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன், வக்கீல் இல்லை. விதி என்று நான் சொல்வது 2016-ம் ஆண்டு திடக்கழிவு மேலாண்மை விதிகளை வைத்து. அவற்றுக்குப் பதிலாகப் புதிய விதிகள் 2026-ல் அறிவிக்கப்பட்டிருக்கின்றன, ஆகவே கீழே வரும் தூரமும் அளவும் 2016 விதிகளில் இருந்தவை என்று எடுத்துக்கொள்ளுங்கள். மனு எழுதும் அன்றைக்கு நடப்பில் உள்ளதை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

ஓமலூர் வட்டத்திலிருந்து ஒரு விவசாயி: ஐயா, எங்க ஊர் புறம்போக்குல குப்பைக் கிடங்கு வரப்போவதாகப் பேசிக்கிறாங்க. எப்பப் பார்த்தாலும் ஏன் புறம்போக்குலயே வந்து நிக்கிறாங்க?

காசுதான். பட்டா நிலம் என்றால் கையகப்படுத்த வேண்டும், இழப்பீடு தர வேண்டும், வழக்கு வந்தால் வருஷக்கணக்கில் இழுக்கும். புறம்போக்கு என்றால் வருவாய்த்துறையிடமிருந்து உள்ளாட்சிக்கு மாற்றிக்கொண்டால் வேலை முடிந்தது. அதனால் இடத்தேர்வு பல சமயம் தலைகீழாகத் தொடங்குகிறது. எந்தப் புல எண் எந்த வகை நிலம் என்று காட்டும் வருவாய்த்துறையின் ‘அ’ பதிவேட்டைப் பிரித்து, ஒரே துண்டாகப் பத்துப் பதினைந்து ஏக்கர் எங்கே கிடக்கிறது என்று முதலில் தேடுவார்கள். மண், கிணறு, காற்று எல்லாம் அப்புறம்தான்.

நீங்களும் அதே பதிவேட்டில் தொடங்குங்கள். புல எண் என்ன, அது எந்த வகைப்பாடு என்று பாருங்கள். ஏரி, குட்டை, ஓடை, வாய்க்கால் என்று இருந்தால் அதைவிட வலுவான ஆட்சேபம் உங்களுக்குக் கிடைக்காது. புல வரைபடத்தையும் விடாதீர்கள். ஒருமுறை ஒரு பேரூராட்சிக்காக நாங்கள் பார்த்த இடம் மாசி மாதத்தில் வெறும் சீமைக்கருவேலங்காடு. வரைபடத்தில் மட்டும் மெல்லிசாக இரண்டு கோடு குறுக்கே ஓடியது. பழைய கோடு, கண்டுகொள்ள வேண்டாம் என்றார் மேலதிகாரி. ஐப்பசியில் திரும்பப் போனபோது அந்த இரண்டு கோட்டுக்கு நடுவில் முழங்கால் ஆழத்துக்குத் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. காய்ந்த மாதத்தில் பார்த்து முடிவு செய்யும் இடங்களை நான் நம்புவதே இல்லை.

இரண்டு பேர் கேட்டது: வீடுகளிலிருந்து 200 மீட்டர் தள்ளி இருந்தால் போதும் என்கிறார்களே, சரியா?

சரி, ஆனால் பாதிதான். புதைகுழிக்கு, அதாவது எதற்கும் உதவாத மிச்சக் குப்பையை நிரந்தரமாகப் புதைக்கும் இடத்துக்கு, விதியில் உள்ள தூரங்கள் இவை: ஆற்றிலிருந்து 100 மீட்டர், குளம், நெடுஞ்சாலை, குடியிருப்பு, பூங்கா, குடிநீர்க் கிணறு இவற்றிலிருந்து 200 மீட்டர், விமான நிலையத்திலிருந்து 20 கிலோமீட்டர். 10 முதல் 20 கிலோமீட்டருக்குள் என்றால் விமானப் போக்குவரத்துத் துறையின் தடையின்மைச் சான்று வாங்கி அமைக்கலாம். குப்பைக்குப் பருந்தும் கொக்கும் கூடும், அதனால்தான் இந்தக் கட்டுப்பாடு. சேலம் விமான நிலையம் இருக்கும் காமலாபுரத்தை மையமாக வைத்து 20 கிலோமீட்டருக்கு ஒரு வட்டம் போட்டுப் பாருங்கள். ஓமலூரும் சேலம் நகரத்தின் பெரும்பகுதியும் உள்ளே வந்துவிடும். இதை யாரும் கூட்டத்தில் கேட்டு நான் பார்த்ததில்லை.

உரம் தயாரிக்கும் கொட்டகையும் பிரித்தெடுக்கும் கூடமும் புதைகுழி ஆகாது. அதனால் “இது வெறும் உரக்கிடங்குதான், 200 மீட்டர் கணக்கு இதற்கு இல்லை” என்று பதில் வரும். அப்போது கேட்க வேண்டியது ஒன்றே: உரமாக்கிய பிறகு மிச்சமாகும் குப்பை எங்கே போகிறது? அதே வளாகத்தில் மூலையில் கொட்டப்படும் என்றால் அது புதைகுழிதான், பலகையில் என்ன எழுதியிருந்தாலும். இன்னொன்று, தூரத்தை வேலியிலிருந்து அளந்தார்களா, நடுவில் ஒரு புள்ளி வைத்து அளந்தார்களா என்று கேளுங்கள். நாற்பது ஏக்கர் இடத்தில் அந்த வித்தியாசமே 200 மீட்டர் வரும்.

அழகாபுரத்திலிருந்து ஒரு கல்லூரி மாணவர்: சார், வெள்ளைக்கல் வெட்டிய குழிகள் சும்மாதானே கிடக்கின்றன? அதில் கொட்டி மூடிவிட்டால் பள்ளமும் நிரம்பும், குப்பையும் தீரும்.

சேலத்தில் பிறந்தவர் எல்லோருக்கும் ஒருமுறையாவது வரும் யோசனை இது, எனக்கும் வந்தது. மாக்னசைட் எடுத்த குழியின் ஓரத்தில் நின்று கீழே பார்த்தால் விடை தெரியும். பச்சையாகத் தண்ணீர் நிற்கும். மழைத் தண்ணீர் மட்டும் இல்லை, பக்கத்துப் பாறை வெடிப்புகள் வழியாக ஊறி வருவதும் உண்டு. உள்ளே வரத் தெரிந்த தண்ணீருக்கு வெளியே போகவும் தெரியும்.

புதைகுழிக்கு அடியில் 90 சென்டிமீட்டர் கனத்துக்கு நன்றாக இறுக்கிய களிமண், அதன் மேல் 1.5 மில்லிமீட்டர் பிளாஸ்டிக் விரிப்பு என்று விதி கேட்கிறது. நிலத்தடி நீர் அதிகபட்சமாக ஏறும் மட்டமும் அந்தக் களிமண்ணுக்கு 2 மீட்டர் கீழே இருக்க வேண்டும். செங்குத்தான கல் சுவரில் களிமண் நிற்காது, விரிப்பும் கூர்க்கல்லில் கிழியும். நம் பக்கம் கடினப் பாறைப் பூமி. மணற்பாங்கான ஊரில் குப்பையிலிருந்து வடியும் கசிவுநீர் மெதுவாகப் பரவும், ஓரளவு வடிகட்டியும் போகும். இங்கே ஒரு வெடிப்பைப் பிடித்தால் குழாயில் போகிற மாதிரி போய் யாரோ ஒருவர் போர்வெல்லில் எட்டிப் பார்க்கும். அது பக்கத்து வீட்டுக் கிணறாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை, நாலு வயல் தள்ளிக்கூட இருக்கலாம். எல்லாக் குழிகளும் உதவாதவை என்று அடித்துச் சொல்ல மாட்டேன். சும்மா கிடக்கிறது என்பது மட்டும் காரணம் ஆகாது.

அயோத்தியாப்பட்டணம் பக்கம், ஒரு அம்மா: மாநகராட்சிக் குப்பையை ஊராட்சிக்காரங்க ஏன் சுமக்கணும்?

நியாயமான கோபம். சேலத்தின் கதையையே பாருங்கள். நகரத்தின் ஓரம் என்று எருமாபாளையத்தில் கொட்டினார்கள். நகரம் வளர்ந்து அந்த மேட்டைச் சுற்றிக்கொண்டது. அப்புறம் செட்டிச்சாவடிக்குப் போனது. ஓரம் என்று ஒரு இடம் நிரந்தரமாக இருப்பதில்லை அம்மா. புதைகுழி 20 முதல் 25 வருஷத்துக்குத் தாங்க வேண்டும் என்கிறது விதி. 25 வருஷத்தில் ஒரு நகரம் எவ்வளவு தூரம் வரும் என்பதை நீங்கள் கண்ணால் பார்த்தவர்.

கேரளத்தில் விளப்பில்சாலை என்று ஒரு ஊர். திருவனந்தபுரம் மாநகராட்சியின் உர ஆலை 2000-ல் அங்கே வந்தது. நாற்றமும் கசிவுநீரும் தாங்காமல் 2011 டிசம்பரில் ஊராட்சியே ஆலைக்குப் பூட்டுப் போட்டது. நகரம் கொஞ்ச நாள் திண்டாடியது, பிறகு வார்டுக்கு வார்டு உரத்தொட்டி வைத்து ஈரக்குப்பையை அங்கேயே மக்க வைக்கப் பழகியது. இதை நான் பூட்டுப் போடச் சொல்லிச் சொல்லவில்லை. எட்டு லட்சத்துக்கு மேல் ஜனம் உள்ள சேலத்தின் குப்பை முழுவதும் ஒரே ஊர் வாசலுக்கு வருவதா, பாதி அது பிறந்த தெருவிலேயே முடிவதா என்பதுதான் முதல் கேள்வி. எந்தப் புல எண் என்பது அதற்கு அப்புறம் வர வேண்டும். முதல் கேள்விக்குப் பதில் சொல்லாமல் இடம் தேடினால், எவ்வளவு நல்ல இடமும் பத்து வருஷத்தில் குப்பைமேடு ஆகிவிடும்.

அஸ்தம்பட்டியிலிருந்து: தெருவிலேயே முடிக்கச் சொல்கிறீர்கள். எங்கள் பகுதியில் நுண் உரமாக்கும் மையம் வந்து, ஜன்னலைத் திறக்க முடியவில்லை. எங்களுக்கு என்ன பதில்?

மாட்டிக்கொண்டேன்! உங்கள் மையத்துக்குள் போய் ஒரு கைப்பிடி அள்ளிப் பிழிந்து பாருங்கள். (கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.) விரலிடுக்கில் ஈரம் மின்னலாம், சொட்டக் கூடாது. சொட்டினால் காய்ந்த இலையோ தேங்காய் நாரோ சேர்க்காமல் ஈரக்குப்பையை மட்டும் அடைத்திருக்கிறார்கள், காற்றுப் போகவில்லை என்று அர்த்தம். நாற்றம் அங்கிருந்துதான். கோழிக்கடைக் கழிவு கலந்தாலும் இதே கதி. இரண்டுமே சரிசெய்யக் கூடியவை. அங்கே வேலை செய்கிற தூய்மைப் பணியாளரைக் கேட்டால் எந்தத் தெரு வண்டி பிரிக்காமல் வருகிறது என்று பட்டென்று சொல்லிவிடுவார். அது உங்கள் தெருவாக இல்லாமல் இருக்கட்டும்.

ஏற்காட்டில் தங்கும் விடுதி நடத்துபவர்: மலையில் இடமே இல்லை, எல்லாம் எஸ்டேட் அல்லது காடு. குப்பையை எல்லாம் கீழே சேலத்துக்கு அனுப்பிவிட்டால் என்ன?

எல்லாவற்றையும் அனுப்பக் கூடாது, எல்லாவற்றையும் வைத்துக்கொள்ளவும் கூடாது. மலைக்கு விதியில் தனிப் பகுதியே இருக்கிறது. மலைமேல் புதைகுழி தவிர்க்கப்பட வேண்டும். மக்கும் குப்பையைச் சின்னச் சின்ன நிலையங்களில் மேலேயே உரமாக்க வேண்டும். மிச்சத்தை மூடிய ஒரு மாற்று நிலையத்தில், அதாவது வண்டி மாற்றி ஏற்றும் இடத்தில், சேர்த்து, கீழே சமவெளியில் 25 கிலோமீட்டருக்குள் உள்ள புதைகுழிக்குக் கொண்டுபோக வேண்டும். அடிவாரத்து ஊர்க்காரர்கள் இந்த 25-ஐக் குறித்து வைத்துக்கொள்வது நல்லது.

காரணம் மலைப்பாதையில் ஏறினாலே தெரியும். இருபது கொண்டை ஊசி வளைவு. ஈரக்குப்பை லாரி இறங்கும்போது ஒவ்வொரு திருப்பத்திலும் பின்கதவின் கீழ் விளிம்பிலிருந்து கறுப்பாக ஒரு கோடு ஊற்றிக்கொண்டே போகும். பின்னால் பைக்கில் வருபவருக்கு அந்த வழுக்கலின் அருமை தெரியும். அதோடு ஈரக்குப்பையில் பெரும்பங்கு தண்ணீர். டீசல் போட்டுத் தண்ணீரை மலையிறக்குவது என்ன கணக்கு? மேலேயே காபித் தோட்டமும் மிளகுக்கொடியும் உரத்துக்குக் காத்திருக்கின்றன.

மூடிய நிலையம் என்பதை அழுத்திச் சொல்கிறேன். திறந்த தொட்டியில் குரங்கு இறங்கும், இரவில் காட்டெருமை பாலித்தீன் பையோடு தின்னும். இடம் பார்க்கும்போது சரிவு எந்தப் பக்கம் வடிகிறது என்பதை மறக்காதீர்கள். திருமணிமுத்தாறு சேர்வராயன் மலையில்தான் பிறந்து சேலத்துக்குள் வருகிறது. மேலே கொட்டுவது கீழே வந்தே தீரும். மலையிடப் பாதுகாப்பு விதிகளும் வனச்சட்டமும் வேறு இருக்கின்றன, ஆகவே இடத்தை முடிவு செய்துவிட்டு அனுமதி கேட்கும் வழக்கம் அங்கே செல்லாது. கோடை விழாச் சமயத்துக் கூட்டத்துக்கு ஏற்றபடி அளவு போட்டார்களா என்றும் கேளுங்கள். ஆவணிக் கணக்கில் கட்டினால் மே மாதத்தில் வழியும். சுற்றுலாப் பயணிகளிடம் நுழைவிடத்தில் குப்பைக் கட்டணம் வாங்கவும் உள்ளாட்சிக்கு வழி இருக்கிறது. விடுதிக்காரர்களுக்கு அது பிடிக்காது என்று தெரியும்.

பலர்: கருத்துக் கேட்புக் கூட்டத்தில் போய்க் கத்தினால் திட்டம் நிற்குமா?

கத்தினால் தொண்டைதான் நிற்கும். 2006-ம் ஆண்டு சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி கூட்டம் நடத்தியாக வேண்டிய பெரிய திட்டங்களில், மாவட்ட ஆட்சியரோ அவருடைய பிரதிநிதியோ தலைமை வகிப்பார், மாசு கட்டுப்பாட்டு வாரியம் நடத்தும். குறைந்தது 30 நாள் முன்னதாக நாளிதழில் அறிவிப்பு வர வேண்டும். அந்த 30 நாள்தான் உங்கள் கையில் இருப்பது. வரைவு அறிக்கையை ஆட்சியர் அலுவலகத்திலும் உள்ளாட்சி அலுவலகத்திலும் பார்க்கலாம். பக்கம் பக்கமாகப் படிக்க வேண்டாம். கிணறுகளின் எண்ணிக்கை, காற்றுத் திசை, மாற்று இடங்கள் என்ற மூன்றையும் பாருங்கள். காற்றளவை எந்த மாதம் எடுத்தார்கள்? ஆடியில் மேற்கேயிருந்து அடிக்கும் காற்று வேறு, கார்த்திகையில் வடகிழக்கிலிருந்து வருவது வேறு. ஒரு பருவத்தில் மட்டும் அளந்தால் நாற்றம் எந்த ஊருக்குப் போகும் என்பது பாதிதான் தெரியும். மாற்று இடம் என்று எதையும் பரிசீலிக்கவில்லையென்றால் அதையே எழுதிக் கொடுங்கள். வாயால் சொல்வதை எழுத்தாகவும் கொடுத்து ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள்.

கிராமசபைத் தீர்மானம் மட்டுமே திட்டத்தை நிறுத்திவிடாது. ஆனால் பிறகு பசுமைத் தீர்ப்பாயத்துக்குப் போனால் ஊர் முதலிலிருந்தே சொன்னது என்பதற்கு அதுதான் சாட்சி. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1, இந்த ஆறு நாளில் அடுத்தது எது என்று பாருங்கள். “எதிர்க்கிறோம்” என்று ஒரு வரி போதாது, புல எண்ணும் காரணமும் தீர்மானத்தில் இருக்க வேண்டும்.

ஒரு நில உரிமையாளர்: பக்கத்தில் நிலையம் வந்தால் என் பட்டாவில் வீடு கட்ட விடமாட்டார்களாமே?

நாளுக்கு 5 டன்னுக்கு மேல் கையாளும் நிலையத்தைச் சுற்றிக் கட்டடமில்லாத இடைவெளி விட வேண்டும். ஆனால் அது நிலையத்தின் மொத்தப் பரப்புக்கு உள்ளேயே இருக்க வேண்டும், உங்கள் நிலத்தில் இல்லை. வரைபடத்தில் அந்தப் பட்டை வேலிக்கு வெளியே வரைந்திருந்தால் உடனே ஆட்சேபம் கொடுங்கள். நிலத்தின் விலை இறங்குமா என்று கேட்டிருந்தீர்கள். இறங்கும்.

மறுபடி அந்த அயோத்தியாப்பட்டணத்து அம்மா: எங்க கிணத்துத் தண்ணி கெட்டா எப்படி நிரூபிக்கிறது?

கெடுவதற்கு முன்னால் நன்றாக இருந்தது என்று காகிதம் வேண்டும். “முன்னாடியே உப்புத் தண்ணிதானே” என்று சொல்லி நழுவுவதை நானே பார்த்திருக்கிறேன். அதனால் லாரி வருவதற்கு முன்பே, கோடையில் ஒன்று மழைக்குப் பிறகு ஒன்று என இரண்டு முறை பரிசோதித்துவிடுங்கள். குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் கட்டணம் கட்டிக் கொடுக்கலாம். குளோரைடு, நைட்ரேட், மொத்த உப்பு, கிருமி என்று கேளுங்கள். மோட்டாரைப் பத்து நிமிஷம் ஓடவிட்டு, அதே தண்ணீரில் கேனை மூன்று தடவை அலசிப் பிடியுங்கள். கிருமிச் சோதனைக்கு ஆய்வகம் தரும் பாட்டிலை மட்டும் அலசக் கூடாது, மூடியின் உள்பக்கம் விரல் படவும் கூடாது. ஐஸ் பெட்டியில் வைத்து அன்றைக்கே கொடுத்துவிடுங்கள். பிடித்த நாள், நேரம், எந்தக் கிணறு என்று கேனில் எழுதி, பக்கத்து வயல்காரர் இருவரிடம் ஒரு தாளில் கையெழுத்தும் வாங்கிக்கொள்ளுங்கள்.