மதுரையில் இருந்துகொண்டு பாய்மரப் படகு கிளப்பில் சேர முடியுமா?

கேட்டவர் வேலை மாற்றலாகி மதுரைக்கு வந்தவர். படகு ஓட்டக் கற்க வேண்டும், லீவு நாளில் பழக நாலு பேர் வேண்டும், அதற்கு ஒரு படகு கிளப்பில் சேரலாமா என்று கேட்டிருக்கிறார். படகும் கிடைக்கும், பழகவும் ஆள் கிடைக்கும். ஆனால் மதுரைக்குள் கிடைக்காது. எடுத்த எடுப்பில் உறுப்பினர் கட்டணம் கட்டவும் வேண்டாம் என்பது என் கருத்து.

பாய் விரித்து ஓட்ட வருஷம் முழுக்க நிற்கிற தண்ணீரும் தடையில்லாத காற்றும் வேண்டும். நம் வைகையில் அணை திறந்தால்தான் தண்ணீர். கண்மாய்கள் கோடையில் வற்றிவிடும். ஆண்டிபட்டிப் பக்கம் இருக்கும் 71 அடி வைகை அணை பாசனத்துக்கும் குடிநீருக்குமானது, நீர்மட்டம் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். வண்டியூர் தெப்பக்குளத்துக்குத் தைப்பூசத்தன்று அவசியம் போங்கள். அம்மனும் சுவாமியும் அமர்ந்த தெப்பத்தைக் கரையிலிருந்து வடம் பிடித்து இழுப்பார்கள். ஊருக்குப் புதிதாக வந்தவர் நிச்சயம் பார்க்க வேண்டியது. பாய்மரம் கற்க மட்டும் வெளியூர்தான்.

நான் சென்னையில் வேலை பார்த்த காலத்தில் துறைமுகப் பக்கம் கற்றுக்கொண்டேன். எந்த கிளப்பிலும் உறுப்பினராக இருந்ததில்லை. முதலில் பயிற்சி வகுப்பு, பிறகு ஒரு மூத்த உறுப்பினரின் இரண்டு பேர் படகில் முன்பாயைப் பார்த்துக்கொள்ளும் ஆள். படகு வைத்திருப்பவர்களுக்கு எப்போதும் இன்னொரு ஆள் தேவைப்படும். ஞாயிற்றுக்கிழமை காலையில் சொன்ன நேரத்துக்கு வந்து நிற்பவரை அவர்கள் விடவே மாட்டார்கள். பொதுவாக இந்த மாதிரி கிளப்புகளில் சேர ஏற்கெனவே உறுப்பினராக இருக்கும் இருவர் பரிந்துரைக்க வேண்டியிருக்கும். யாரையும் தெரியாமல் விண்ணப்பத்தோடு போய் நிற்பதைவிட, ஒரு சீசன் கூடப் படகேறியவராகப் போனால் அந்தப் பரிந்துரை தானாக வரும்.

கூடப் படகேறினால் ஏன் அவ்வளவு பழக்கம் வருகிறது என்று கேட்கலாம். காற்றை நேருக்கு நேர் எதிர்த்து எந்தப் பாய்மரப் படகும் போகாது. ஏறக்குறைய 45 டிகிரி விலகி, வலப்பக்கம் ஒரு ஓட்டம், இடப்பக்கம் ஒரு ஓட்டம் என்று மாறி மாறித்தான் முன்னேற முடியும். ஒவ்வொரு முறை திரும்பும்போதும் பாயின் அடிக்கட்டை தலைக்கு மேல் வீசிக்கொண்டு போகும். சுக்கான் பிடிப்பவர் குரல் கொடுத்ததும் குனிய வேண்டும், எதிர்ப்பக்கம் தாவ வேண்டும், கயிற்றை இழுத்துக் கட்ட வேண்டும், எல்லாம் ஒரே மூச்சில். கவிழ்ந்தால் இருவரும் தண்ணீரில்தான். ஒருவர் படகின் அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் பலகைமேல் ஏறி எடை கொடுக்க, மற்றவர் உள்ளே இருந்து உதவ, படகு நிமிரும். இதையெல்லாம் சேர்ந்து செய்த இருவர் கரைக்கு வந்து பாயை உப்புப் போக அலசி மடிக்கிற நேரத்தில் பேசாமல் இருக்கவே முடியாது. எனக்கு இன்றைக்கும் நெருக்கமாக இருக்கும் சிலர் அப்படிக் கிடைத்தவர்கள்தான்.

சென்னையில் விசாரிக்க இரண்டு இடம் சொல்கிறேன். துறைமுகத் தலைவராக இருந்த பிரான்சிஸ் ஸ்பிரிங் 1911-இல் தொடங்கிய ராயல் மெட்ராஸ் யாட் கிளப் ஒன்று, தமிழ்நாடு பாய்மரப் படகுச் சங்கம் இன்னொன்று. இந்தச் சங்கத்தின் கோடைக்காலப் பயிற்சியில் தொடங்கியவர்தான் நேத்ரா குமணன். ஒலிம்பிக் பாய்மரப் போட்டிக்குத் தகுதி பெற்ற முதல் இந்தியப் பெண் அவர். வீட்டில் பிள்ளைகள் இருந்தால் கோடை விடுமுறையில் அனுப்பிப் பாருங்கள். ஆப்டிமிஸ்ட் என்று 15 வயது வரைக்குமான சின்னப் படகு இருக்கிறது, பிள்ளை தனியாகவே ஓட்டலாம்.

நமக்குப் பக்கத்தில் பெயர்பெற்ற படகு கிளப் கொடைக்கானலில் இருக்கிறது. அந்த ஏரியே மதுரை கலெக்டராக இருந்த லெவிஞ்ச் 1863-இல் ஓடைகளை மறித்து உண்டாக்கியது. கிளப் 1890-இல் தொடங்கி, 1932-லிருந்து வெளியாரையும் ஏற்றிக்கொள்கிறது. அங்கே துடுப்புப் படகும் மிதிபடகும்தான், அதனால் பாய் கற்க முடியாது. கூட்டம் வருமுன் காலையிலேயே போய்த் துடுப்புப் போட்டுப் பழகலாம்.

இப்போது மதுரைக்குத் திரும்பிவிட்ட நான் அடிக்கடி போவது ராமநாதபுரம் கடற்கரைக்கு. தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் மன்னார் வளைகுடாப் பக்கம் கொந்தளிக்கும், பாக் நீரிணைப் பக்கம் அடங்கியிருக்கும். வாடை வந்தால் அப்படியே மாறிவிடும். காரங்காட்டில் வனத்துறை ஏற்பாட்டில் அலையாத்திக் காட்டுக்குள் படகில் கூட்டிப் போகிறார்கள், கயாக்கும் உண்டு. தண்ணீர் பயம் போக நல்ல இடம்.

தொண்டி வட்டாரத்தில் திருவிழாக்களை ஒட்டி மீனவர்கள் நடத்தும் பாய்மரப் படகுப் போட்டியைத் தவற விடாதீர்கள். காற்று வலுத்தால் ஆட்கள் படகுக்கு வெளியே நீட்டிய பலகையில் ஏறி, சாயாமல் பிடிப்பார்கள். நான் கிளப்பில் கால்களை வாரில் மாட்டிக்கொண்டு உடம்பை வெளியே சாய்க்கக் கற்றது இதே வேலைதான். இவர்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்கிறார்கள், பார்த்தாலே பாதிப் பாடம் புரிந்துவிடும். போட்டி முடிந்ததும் படகைக் கரையேற்றத் தோள் கொடுங்கள், பேச்சு தானாகத் தொடங்கும். அங்கே இருக்கும் அண்ணன்களிடம் காற்றைப் பற்றிக் கேட்டால் நேரம் போவது தெரியாமல் சொல்வார்கள்.

உங்களுக்கு நான் சொல்லும் வரிசை இது. நீச்சல் தெரியாவிட்டால் ரேஸ்கோர்ஸ் விளையாட்டரங்கக் குளத்தில் இந்த மாதமே சேருங்கள். தெரிந்தாலும் லைஃப் ஜாக்கெட் இல்லாமல் எந்தப் படகிலும் ஏற வேண்டாம். கொஞ்சம் லீவு சேர்த்துவைத்துச் சென்னையில் தொடக்கப் பயிற்சியை முடியுங்கள். தங்க அங்கே சொந்தக்காரர் வீடு இருந்தால் செலவு பாதியாகும். அங்கிருந்து கிளம்புமுன் யாருக்குக் கூட ஆள் தேவை என்று கேட்டு நம்பர் கொடுத்துவிட்டு வாருங்கள். மாதம் ஒரு முறை ரயிலேற முடிகிறதா என்று ஒரு சீசன் பார்த்துவிட்டு, முடிகிறது என்றால் அப்போது உறுப்பினர் கட்டணத்தைப் பற்றி யோசிக்கலாம்.