லேபர் கேஸும் தத்தெடுப்பும் மட்டும் பார்த்து தனியா பிராக்டிஸ் பண்ண முடியுமா?

சார், பாப்பா லா முடிச்சிட்டு லேபர் கேஸும் தத்தெடுப்பும் மட்டும் பார்க்கிற தனி ஆபீஸ் போடணும்னு சொல்றா, அதுல வருமானம் வருமான்னு கேட்டிருந்தீங்க. வரும் சார், ஆனா ரெண்டுலயும் ஒரே மாதிரி வராது, அதை அவ இப்பவே தெரிஞ்சுக்கணும்.

முதல்ல தத்தெடுப்பு. முன்னாடி காப்பகத்துல இருந்து குழந்தையை தத்தெடுத்தா கோர்ட்ல பெட்டிஷன் போட்டு ஆர்டர் வாங்கணும். 2022 செப்டம்பர் 1-லேர்ந்து அந்த ஆர்டரை கலெக்டரே போடறார், பதிவெல்லாம் தத்தெடுப்பை கவனிக்கிற மத்திய அரசு அமைப்பான காரா (CARA) வெப்சைட்ல தான். வக்கீலுக்கு மிச்சம் இருக்கிறது சொந்தத்துக்குள்ள நடக்கிற தத்து, 1956 இந்து தத்தெடுப்பு சட்டப்படி பத்திரம் எழுதி ரெஜிஸ்டர் பண்றது, பின்னாடி சொத்து பிரிக்கிறப்ப இந்த தத்து செல்லுமான்னு கிளம்புற சிவில் கேஸ், இவ்வளவு தான். ஆம்பளை ஒரு பெண் குழந்தையை தத்தெடுத்தா ரெண்டு பேருக்கும் குறைஞ்சது 21 வயசு வித்தியாசம் வேணும், இதை கவனிக்காம பத்திரம் போட்டா மொத்தமும் போச்சு. நல்ல வேலை சார், பொறுமையா பேசுற ஆள் வேணும், ஆனா இதை மட்டும் நம்பி ஆபீஸ் வாடகை கட்ட முடியாது.

சோறு போடறது லேபர் தான். வேலையை விட்டு தூக்கினவர் ஒரு மஞ்சப்பை நிறைய பேப்பரோட வருவார், அப்பாயின்ட்மென்ட் ஆர்டர் இருக்காது, சம்பள சிலிப் நாலு மாசத்துக்கு தான் இருக்கும், விளக்கம் கேட்டு கம்பெனி குடுத்த ஷோ காஸ் நோட்டீஸ் கசங்கி கிடக்கும், பிஎஃப் பாஸ்புக்கை எடுத்து என்னைக்கு சேர்ந்தார்னு கண்டுபிடிச்சு தேதி வாரியா ஒரு சார்ட் போடறதுலயே பாதி கேஸ் இருக்கு. ஒண்ணு கவனிங்க, லேபர் ஆபீசர் முன்னாடி நடக்கிற சமரச பேச்சுவார்த்தைல வக்கீல் ஆஜராக முடியாது, லேபர் கோர்ட்லயும் எதிர்த்தரப்பு சம்மதமும் கோர்ட் அனுமதியும் வேணும், அங்கெல்லாம் தொழிலாளிக்காக பேசறது பெரும்பாலும் தொழிற்சங்கத்துக்காரங்க தான், அதனால அவங்களோட பழக்கம் இல்லாம இந்த ஃபீல்டுல காலூன்ற முடியாது.

29 தொழிலாளர் சட்டத்தை நாலு கோடா, அதாவது நாலு தொகுப்புச் சட்டமா சுருக்கி 2025 நவம்பர் 21-லேர்ந்து அமலுக்கு கொண்டு வந்துட்டாங்க. பலரும் இதைப் பார்த்து பயப்படறாங்க, எனக்கு இது பாப்பாவுக்கு நல்ல நேரம்னு தான் தோணுது, ஏன்னா இருபது வருஷ சீனியரும் இப்ப புதுசா தான் படிச்சாகணும். கம்பெனிகள்ல பாலியல் புகார் கமிட்டிக்கு வெளி உறுப்பினரா போறதுக்கும் 2013 சட்டத்துல இடம் இருக்கு, பேர் பரவ அது நல்ல வழி, வக்கீல் விளம்பரம் பண்ணக் கூடாதுல்ல.

ரெண்டு ஃபீல்டும் சேர்ற இடமும் இருக்கு சார். மூணு மாசத்துக்குள்ள இருக்கிற குழந்தையை தத்தெடுத்த அம்மாவுக்கு 12 வாரம் லீவுன்னு 2017-ல கொண்டு வந்தாங்க, காப்பக நடைமுறை முடிஞ்சு குழந்தை கைக்கு வர்றதுக்குள்ள அந்த மூணு மாசமே பெரும்பாலும் ஓடிப் போயிடும், இதை எதிர்த்து சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போனாங்க, 2026-ல கோர்ட் அந்த மூணு மாச வரம்பை ரத்து பண்ணிடுச்சு. இந்த மாதிரி கேஸ்ல ரெண்டும் தெரிஞ்ச வக்கீலுக்கு தனி மதிப்பு.

படிச்சு முடிச்ச உடனே போர்டு மாட்ட விடாதீங்க. பார் கவுன்சில்ல வக்கீலா பதிவு பண்ற எண்ரோல்மென்ட் ஃபீஸ் 750 ரூபாய்க்கு மேல வாங்கக் கூடாதுன்னு 2024-லயே சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு, அதுல கவலை இல்ல, தொடர்ந்து பிராக்டிஸ் பண்ண பாஸ் பண்ண வேண்டிய பார் எக்ஸாமையும் பதிவு பண்ணி ரெண்டு வருஷத்துக்குள்ள எழுதிடணும். அப்புறம் தொழிலாளி பக்கம் ஆஜராகிற ஒரு சீனியர்கிட்ட அஞ்சு வருஷமாவது ஜூனியரா இருக்கட்டும். ஜூனியருக்கு சென்னை, மதுரை, கோவைல மாசம் 20,000, மத்த ஊர்ல 15,000 குடுக்கணும்னு 2024-ல ஹைகோர்ட் சொல்லியிருக்கு, ஆனா எல்லா ஆபீஸ்லயும் குடுக்கறதில்ல, சேர்றதுக்கு முன்னாடியே கூச்சப்படாம கேட்டுக்கச் சொல்லுங்க.