வார்ஃபரின் எலி விஷமா? அதைச் சாப்பிடுபவர் கீரையை விட்டுவிட வேண்டுமா?

இரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்தான வார்ஃபரின், எலி விஷமாக விற்கப்பட்டது உண்மைதான். ஆனால் கதை மாட்டுத் தொழுவத்தில் தொடங்குகிறது. 1920களில் கனடாவிலும் அமெரிக்காவின் வட மாநிலங்களிலும் மாடுகள் இரத்தம் கசிந்து இறந்தன. கொம்பை வெட்டினால்கூட இரத்தம் நிற்கவில்லை. அவை தின்றது ஈரத்தில் பூஞ்சை பிடித்த ஸ்வீட் குளோவர் வைக்கோல். அந்தச் செடியில் இருக்கும் கூமரின் நல்ல மணம் தரும், இரத்தத்தை ஒன்றும் செய்யாது. பூஞ்சைதான் அதை, இரத்தம் உறைவதைத் தடுக்கும் டைகூமரால் என்ற பொருளாக்கிவிடுகிறது. விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் கார்ல் பால் லிங்க் குழுவினர் அதைப் பிரித்தெடுத்தார்கள். அதன் வழிவந்ததே வார்ஃபரின்: 1948இல் எலி விஷம், 1954இல் மனிதர்களுக்கு மருந்து. அளவுதான் வேறு.

இரத்தம் உறைய உதவும் புரதங்களான உறைவுக் காரணிகளில் 2, 7, 9, 10 ஆகியவற்றைக் கல்லீரல் முழுமையாக்க வைட்டமின் கே வேண்டும். பயன்படுத்திய அந்த வைட்டமினை மீண்டும் புதுப்பிக்கும் நொதியை வார்ஃபரின் முடக்குகிறது. முன்பே உருவான காரணிகள் தீர வேண்டும் என்பதால் முழுப் பலன் தெரியச் சில நாள்கள் ஆகும்.

கீரையில் வைட்டமின் கே நிறைய. அதற்காக நிறுத்த வேண்டாம். வாரந்தோறும் ஏறக்குறைய ஒரே அளவு சாப்பிடுங்கள். ஒரு வாரம் தினமும் முருங்கைக்கீரை, அடுத்த வாரம் ஒன்றுமே இல்லை என்றால்தான் ஐஎன்ஆர் (இரத்தம் உறைய ஆகும் நேரத்தைக் காட்டும் பரிசோதனை அளவு) தடுமாறும். சமையலில் போடும் பூண்டைப் பற்றிக் கவலை வேண்டாம். பூண்டு மாத்திரை என்றால் மருத்துவரைக் கேளுங்கள்.