ஐந்து இடத்துக்கு ஏழு வாக்கியம்

கேள்வி: சீனாவில் பள்ளி இறுதி மாணவர்களின் ஆங்கில வாசிப்பை எப்படிச் சோதிக்கிறார்கள்? என் பிளஸ் ஒன் வகுப்பில் அதைச் செய்து பார்க்கலாமா?
- ஆங்கில ஆசிரியை, பெரம்பூர், சென்னை

பதில்: தாராளமாக. அங்கே ஜூனில் நடக்கும் 'காவ்காவ்' நுழைவுத் தேர்வின் தேசிய வினாத்தாளில் ஆங்கிலத்துக்கு 150 மதிப்பெண். வாசிப்புக்கு மட்டும் 50. நான்கு உரைப்பகுதிகள், 15 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் இரண்டரை. இது நமக்கும் பழகியதுதான். சுவாரஸ்யம், மீதி மதிப்பெண்ணுக்கான அடுத்த பகுதியில்: ஒரு கட்டுரையிலிருந்து ஐந்து வாக்கியங்களை உருவிவிட்டு, இடைவெளிகளை நிரப்ப ஏழு வாக்கியங்களைக் கொடுப்பார்கள். இரண்டு உதிரி, எங்கும் பொருந்தாதவை. ஐந்துக்கு ஐந்து கொடுத்தால் கடைசி விடை தானாக வந்து விழுந்துவிடுமே!

நீங்கள் தயாரிக்கும்போது, ஒவ்வொரு இடைவெளிக்கும் முன்னோ பின்னோ ஒரு பிடி விடுங்கள். அடுத்த வாக்கியம் 'தே' (they) என்று தொடங்கினால், உருவியதில் பன்மைப் பெயர்ச்சொல் இருக்க வேண்டும். உதிரிகளிலும் கட்டுரையின் சொற்கள் வரட்டும். இல்லாவிட்டால் பிள்ளைகள் படிக்காமலே ஒதுக்கிவிடுவார்கள்.

உரைப்பகுதிக் கேள்விகளை, நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் வகையில் தயாரித்தால், அவற்றுக்கு ஒரு சோதனை. உரையைத் தராமல் கேள்விகளை மட்டும் வேறு செக்‌ஷனில் கொடுங்கள். குருட்டாம்போக்கில் 15-க்கு நாலு தேறும். எட்டு, ஒன்பது வந்தால் கோளாறு கேள்வியில்தான். பல நேரம் சரியான விடை மட்டும் மற்றவற்றைவிட நீளமாக இருந்து காட்டிக்கொடுத்துவிடும்.