குழந்தைகள் மீது பாலியல் ஈர்ப்பு: சிகிச்சை என்ன செய்யும், என்ன செய்யாது?

இப்படி ஈர்ப்பு உள்ளவர்களுக்கு மருத்துவத்தில் வழி உண்டா, இல்லை சிறை மட்டும்தானா என்பது கேள்வி.

வழி உண்டு. ஆனால் ஈர்ப்பையே மாற்றிக் காட்டுகிறேன் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், அதற்கு ஆதாரம் கிடையாது. ஈர்ப்பு செயலாக மாறாமல் தடுப்பதுதான் சிகிச்சையின் இலக்கு.

முதலில், இதை எப்போது கோளாறு என்கிறார்கள்? மனநோய்களைக் கண்டறிய மருத்துவர்கள் பயன்படுத்தும் டிஎஸ்எம்-5 கையேட்டின்படி, ஒருவருக்குப் பருவமடையாத குழந்தைகள் (பொதுவாக 13 வயது வரை) மீதான தீவிரப் பாலியல் எண்ணமோ உந்துதலோ 6 மாதமாவது நீடிக்க வேண்டும். அவர் அதன்படி நடந்திருக்க வேண்டும், அல்லது அதனால் கடும் மனவேதனையோ உறவுச் சிக்கலோ இருக்க வேண்டும். அவருக்கு 16 வயதாவது ஆகியிருக்க வேண்டும், குழந்தையைவிட 5 வயதாவது மூத்தவராக இருக்க வேண்டும். இதில் குழப்பம் வரும் இடம் ஓசிடி, அதாவது வேண்டாத எண்ணங்கள் திரும்பத் திரும்ப வந்து வாட்டும் மனநோய். ஓசிடியால் 'நான் அப்படிப்பட்டவனோ' என்று பயந்து நடுங்குபவருக்கு ஈர்ப்பே இருக்காது, அருவருப்புதான் இருக்கும். அவருக்கான சிகிச்சையே வேறு. அதேபோல, குழந்தைகளிடம் அத்துமீறுபவர்களில் கணிசமானோருக்கு இந்தக் கோளாறு இல்லை.

தடுப்பு முயற்சிக்குப் பெயர்போனது பெர்லின் சாரிட்டே மருத்துவமனை. 2005இல் க்ளாஸ் பையர் தொடங்கிய திட்டம், போலீஸ் கண்ணில் படாதவர்கள் தாங்களாகவே வந்து உதவி கேட்க இடம் கொடுத்தது. ஜெர்மனியில் மருத்துவ ரகசியம் சட்டப்படி கறாரானது என்பதால்தான் ஆட்கள் வந்தார்கள். வாராவாரம் குழுவாக உட்கார்ந்து பேச வேண்டும். குழந்தைகளின் ஆபாசப் படம் பார்ப்பவர்கள் சொல்லும் 'படம்தானே பார்க்கிறேன், யாருக்கு என்ன நஷ்டம்' போன்ற சாக்குகளை ஒவ்வொன்றாக உடைப்பார்கள். குழந்தையோடு தனியாக இருக்க நேர்ந்தால் என்ன சொல்லி வெளியேறுவது என்பதுவரை முன்கூட்டியே முடிவு செய்ய வைப்பார்கள். சுயக்கட்டுப்பாடு மேம்பட்டதாக 2015 அறிக்கை சொன்னது. ஆனால் ஏற்கெனவே அத்தகைய படம் பார்த்து வந்தவர்களில் பெரும்பாலோர் சிகிச்சைக்கு நடுவிலும் அதை விடவில்லை. இந்தத் துறையின் பெரிய ஓட்டை அதுதான்.

அடுத்து மருந்து. லேசான நிலையில், மனச்சோர்வுக்குத் தரும் எஸ்எஸ்ஆர்ஐ வகை மாத்திரைகள். ஆபத்து அதிகமென்றால், நோயாளியின் சம்மதத்தோடு, ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோனை அடக்கும் ட்ரிப்டோரெலின் அல்லது லூப்ரோலைட் ஊசி. இவற்றில் ஒரு கண்ணி உண்டு: முதல் ஊசிக்குப் பிறகு சில நாட்களுக்கு ஹார்மோன் குறைவதற்குப் பதில் ஏறும். அதைச் சமாளிக்க சைப்ரோடெரோன் மாத்திரையைச் சேர்த்துக் கொடுப்பார்கள். நீண்ட நாள் போட்டால் எலும்பு தேயும், அதனால் எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேன், கால்சியம், வைட்டமின் டி எல்லாம் அவசியம். ரத்தத்தில் டெஸ்டோஸ்டிரோன் அளவையும் அவ்வப்போது பார்க்க வேண்டும், வெளியே ஹார்மோன் வாங்கிப் போட்டுக்கொண்டால் ஊசி வீண்.

ஸ்வீடனின் கரோலின்ஸ்கா மருத்துவ நிறுவனத்தில், டெஸ்டோஸ்டிரோனை அடக்கும் இன்னொரு மருந்தான டெகாரெலிக்ஸை இந்தக் கோளாறுள்ள 52 ஆண்களிடம் சோதித்து 2020இல் வெளியிட்டார்கள். மொத்தம் 240 மி.கி., இரண்டு ஊசியாக. அந்த ஆரம்ப ஏற்றம் இதில் இல்லை, அத்துமீறும் ஆபத்தை அளக்கும் மதிப்பெண் இரண்டே வாரத்தில் குறைந்தது. ஆனால் மருந்து போட்டவர்களில் இருவரைத் தற்கொலை எண்ணத்துக்காக மருத்துவமனையில் சேர்க்க வேண்டியிருந்தது. ஊசி போட்டு அனுப்பிவிட்டால் போதும் என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

இந்தியாவில் நிலைமை வேறு. ஈர்ப்பு இருப்பது மட்டுமே குற்றமல்ல. ஆனால் குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவு, குற்றம் நடந்தது தெரிந்தாலும், நடக்கக்கூடும் என்ற அச்சம் இருந்தாலும் புகார் செய்யச் சொல்கிறது. மருத்துவருக்கும் விலக்கு இல்லை, தெரிந்தும் மறைத்தால் 6 மாதம் வரை சிறையோ அபராதமோ உண்டு. ஆகவே எதை ரகசியமாக வைக்க முடியும், எதை முடியாது என்று மருத்துவர் முதல் சந்திப்பிலேயே சொல்லிவிட வேண்டும். எங்கே தொடங்குவது என்று தெரியாதவர்கள் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416இல் பேசலாம். ஏதாவது குழந்தை ஆபத்தில் இருப்பது தெரிந்தால் 1098க்கு உடனே அழையுங்கள்.