கணக்கு சாருக்கு எண்பது அழைப்பிதழ்

கேள்வி: எங்கள் கணக்கு ஆசிரியர் பணி ஓய்வு பெறுகிறார். பழைய மாணவர்கள் சேர்ந்து விழா எடுக்கிறோம், இன்னும் ஆறு வாரம் இருக்கிறது. அழைப்பிதழைக் கையாலேயே செய்துவிடலாம் என்று நான்தான் வாய் கொடுத்து மாட்டிக்கொண்டேன். 80 அட்டை வேண்டும், செய்ய நாலு பேர் இருக்கிறோம். ஒரு தோழி ஒவ்வொன்றிலும் குவில்லிங் பூ (காகிதக் கீற்றைச் சுருட்டிச் செய்வது) ஒட்டலாம் என்கிறாள். இன்னொருவர் பேசாமல் பிரின்ட் எடுத்துவிடலாம் என்கிறார். எனக்கு வரையவும் வராது. “ஸ்டெப் விட்டா மார்க் போச்சு” என்று சொல்லிச் சொல்லியே எங்களைக் கரையேற்றிய சாருக்கு ஏற்ற மாதிரி என்ன செய்யலாம்?
– பெயர் வேண்டாம் என்ற வாசகி

பதில்: முதலில் பூவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். குவில்லிங் அழகுதான். ஆனால் ஒரு பூவுக்கு அரை மணி நேரம் என்றால் 80 அட்டைக்கு 40 மணி நேரம். அதோடு, எழும்பி நிற்கும் பூ உறைக்குள் போனதும் நசுங்கிவிடும். பிரின்ட் எடுக்கலாம் என்பவர் சொல்வதிலும் பாதி நியாயம் இருக்கிறது. தேதி, நேரம், இடம் எல்லாவற்றையும் 80 முறை கையால் எழுதினால் அறுபதாவது அட்டையில் எங்கேயாவது தப்பு வரும். எழுத்தை அச்சில் விடுங்கள். கைவேலை ஒரே இடத்தில் இருந்தால் போதும், அது அவருக்கே உரியதாக இருக்க வேண்டும். கரும்பலகை, ஆப்பிள், மூக்குக்கண்ணாடி போட்ட ஆந்தை எல்லாம் எந்த ஆசிரியருக்கும் பொருந்தும். அதனாலேயே வேண்டாம் என்கிறேன்.

கணக்கு ஆசிரியர் என்பது உங்களுக்கு வசதி. வரையத் தெரியாதவருக்கும் வரும் ஒரு வேலை இருக்கிறது: நேர்கோடுகளை மட்டும் தைத்து வளைகோடு வரவழைப்பது. பூலியன் இயற்கணிதத்துக்குப் பெயர் தந்த ஜார்ஜ் பூலின் மனைவி மேரி எவரெஸ்ட் பூல் (1832–1916), குழந்தைகளுக்கு வடிவியல் பிடிபடுவதற்காக அட்டையில் நூல் கோக்கும் இந்த முறையைப் பயன்படுத்தினார். கணக்கு வகுப்பிலேயே பிறந்த கைவேலை என்று சொல்லலாம்.

செய்முறை இதுதான். கிராஃப் தாளில் ‘ட’ எழுத்தைப் போல நிமிர்ந்த கோடு ஒன்றும் கிடைக்கோடு ஒன்றும் போடுங்கள். இரண்டிலும் 5 மி.மீ. இடைவெளி விட்டு எட்டெட்டுப் புள்ளி, மூலையில் புள்ளி வேண்டாம். நிமிர்ந்த கோட்டில் மேலிருந்து கீழாக 1 முதல் 8 வரை எண் கொடுங்கள். கிடைக்கோட்டில் மூலையிலிருந்து வெளிப்பக்கமாக 1 முதல் 8. இந்தத் தாளை அட்டைமேல் கிளிப் போட்டு, அடியில் தெர்மாகோல் வைத்து, காம்பஸ் முனையால் குத்தினால் எல்லா அட்டையிலும் ஒரே இடத்தில் துளை விழும். நூலின் நுனியை முடிச்சுப் போடாமல் பின்பக்கம் டேப்பால் ஒட்டிவிடுங்கள். முடிச்சு போட்டால் முன்பக்கம் புடைத்துத் தெரியும். நிமிர்ந்த 1-இல் ஊசி வெளியே வந்து, கிடை 1-இல் உள்ளே போகட்டும். பின்பக்கமாகவே அடுத்த துளைக்கு நகர்ந்து கிடை 2-இல் வெளியே வந்து, நிமிர்ந்த 2-இல் உள்ளே. இப்படியே எட்டுக் கோடு முடிந்ததும் பாருங்கள், யாரும் வரையாத ஒரு பரவளையம் நூலுக்குள் தெரியும். அதைப் பார்த்ததும் சார் கண்டுபிடித்துவிடுவார், உங்களுக்கு மறந்திருந்தாலும்.

ஒன்றுக்குப் பத்து நிமிடம் என்று வைத்தால் ஆளுக்கு 20 அட்டை, மூன்று மணி இருபது நிமிடம். இரண்டு மாலை உட்கார்ந்தால் முடிந்துவிடும்.

அட்டைக்கு 250 ஜி.எஸ்.எம். கனம் சரியாக இருக்கும். அதைவிட மெல்லியதில் நூலை இழுக்கும்போது துளை கிழியும். ஏ4 தாளை இரண்டாக வெட்டி, ஒவ்வொன்றையும் மடித்தால் ஏ6 அளவு அட்டை இரண்டு கிடைக்கும், சி6 உறையில் கச்சிதமாக உட்காரும். 80 அட்டைக்கு 40 தாள், வீணாகப் போவதற்கு ஐந்து கூடுதல். கனமான தாளை அப்படியே மடித்தால் மடிப்பில் வெடிக்கும். ஸ்கேல் வைத்து, மை தீர்ந்த பால்பாயின்ட் பேனாவால் அழுத்தி ஒரு கோடு இழுத்துவிட்டு மடியுங்கள். ஆனால் மடிப்பதற்கு முன்பே தைத்துவிட வேண்டும், மடித்த அட்டையில் ஊசி ஓட்டுவது தொல்லை.

வாசகத்தை மெல்லிய தாளில் அச்சடித்து உள்ளே ஒட்டினால், தையலின் பின்பக்கமும் மறைந்துவிடும். தண்ணீரான பசை தாளை நெளிய வைக்கும். க்ளூ ஸ்டிக் அல்லது இருபக்க டேப் போதும்.

வாசகத்தில் ரொம்ப உருக வேண்டாம். சூரியன் மறையும் படம், பிரியாவிடைக் கவிதை, இதெல்லாம் பார்த்தால் எனக்கு இரங்கல் அட்டை ஞாபகம்தான் வருகிறது. மனிதர் வேலையிலிருந்துதான் ஓய்வு பெறுகிறார்! “ஸ்டெப் விட்டா மார்க் போச்சு” என்பதையே மேலே பெரிதாகப் போடுங்கள். அவரிடம் படித்தவர்களுக்கு வேறு அறிமுகம் தேவையில்லை. அதன்கீழ் அவர் பெயர், இனிஷியல் சரியாக. தேதியோடு கிழமை. குடும்பத்தோடு வரலாமா, பரிசு வேண்டாமா, வருவதை யாரிடம் எந்தத் தேதிக்குள் சொல்ல வேண்டும் என்பவை. சாருக்குத் தெரியாமல் நடத்துவதாக இருந்தால் அதைத் தனி வரியில் போடுங்கள், இல்லையென்றால் யாராவது அவருக்கே போன் போட்டு வாழ்த்திவிடுவார்கள். மொத்தமாக அச்சடிப்பதற்கு முன்னால் இந்த வேலையில் இல்லாத ஒருவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். உறைமேல் பெயரை மட்டும் கையால் எழுதினால் போதும்.

அப்புறம் அந்தத் தோழி. பூ வேண்டாம் என்று முகத்தில் அடித்தாற்போல் சொல்லாதீர்கள். சாருக்குக் கொடுக்கும் அட்டை ஒன்று தனியாக வேண்டுமே, பெரிதாக, எல்லாரும் கையெழுத்துப் போடுகிற மாதிரி. அதை அவளிடம் விட்டுவிடுங்கள், எத்தனை பூ வேண்டுமானாலும் ஒட்டட்டும். அது உறைக்குள் போகப்போவதில்லை.

விழாவுக்கு மூன்று வாரம் முன்பே அழைப்பு கைக்குப் போய்ச் சேர வேண்டும். தபால் பயணத்தையும் கழித்தால் உங்கள் கையில் இருப்பது இரண்டு வாரம்தான். வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு அட்டையைப் படம் எடுத்து அனுப்பிவிடலாம். ஜன்னலோரம் வைத்து, வெளிச்சம் பக்கவாட்டிலிருந்து விழுகிற மாதிரி எடுங்கள். அப்போதுதான் அது அச்சடித்த கோடு இல்லை, நூல் என்று தெரியும்.